ஈக்வடார் பயணம்: உடல்நிலைக்கேற்ப வழியைத் தேர்ந்தெடுப்போம்

தென் அமெரிக்காவின் வடமேற்கில், நிலநடுக்கோட்டின் மீது அமைந்துள்ள நாடு ஈக்வடார். பரப்பில் தமிழ்நாட்டைப் போல் ஏறத்தாழ இருமடங்கான இந்நாட்டில் 1,600-க்கும் மேற்பட்ட பறவையினங்கள் காணப்படுகின்றன. கிழக்கே அமேசான் மழைக்காடு. நடுவே ஆண்டிஸ் மலைத்தொடர். மேற்கே பசிபிக் கடற்கரை. கரையிலிருந்து ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் தொலைவில், 1835-இல் டார்வின் சென்ற கலாபகோஸ் தீவுகள்.

இந்நான்கு பகுதிகளும் உடலுக்கு வெவ்வேறு சோதனைகளைத் தருகின்றன. எனவே முதியோரும் நீண்டகால நோயுள்ளோரும் பயணச்சீட்டு வாங்குவதற்கு முன்பே, குறைந்தது ஆறு வாரங்கள் முன்னதாக, மருத்துவரைக் கண்டு எப்பகுதி தமக்கு ஏற்றது என அறிந்துகொள்வது நன்று.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி

கொசுவால் பரவும் இந்நோய்க்குத் தனி மருந்து இல்லை, தடுப்பூசியே காப்பு. அமேசான் பகுதிக்குச் செல்வோருக்கு அது மிகவும் இன்றியமையாதது. அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டுமே இது போடப்படும்; சென்னையில் கிண்டி கிங் நோய்த்தடுப்பு நிலையம் அவற்றுள் ஒன்று. சான்றிதழ் 10 நாட்கள் கழித்தே செல்லுபடியாகும். பின்னர் வாழ்நாள் முழுவதும் செல்லும்.

இது உயிருள்ள, வீரியம் குறைக்கப்பட்ட கிருமியால் ஆன தடுப்பூசி. ஆகவே புற்றுநோய்க்கு வேதிச்சிகிச்சை பெறுவோர், உறுப்பு மாற்றம் செய்துகொண்டோர், அதிக அளவில் ஸ்டீராய்டு உட்கொள்வோர், முட்டைக்குக் கடும் ஒவ்வாமை உள்ளோர் ஆகியோருக்கு இது பொருந்தாது. கருவுற்றோரும், முதன்முறையாகப் போட்டுக்கொள்ளும் 60 வயது கடந்தோரும் மருத்துவருடன் நன்மை தீமைகளை ஆராய்ந்த பின்னரே முடிவெடுக்க வேண்டும். தடுப்பூசி பொருந்தாதோர் அமேசான் காட்டைத் தவிர்ப்பதே அறிவுடைமை.

திரும்பும்போதும் கவனம் தேவை. ஈக்வடாரிலிருந்து புறப்பட்டு 6 நாட்களுக்குள் சான்றிதழின்றி இந்தியா வருவோர் தனிமைப்படுத்தப்படலாம். காட்டிற்குச் செல்லாதோருக்கும் இவ்விதி பொருந்தும். மருத்துவக் காரணத்தால் தடுப்பூசி போடாதோர், துறைமுக நலவாழ்வு அலுவலகத்தில் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

மலைநகரம்

தலைநகர் கீட்டோ 2,850 மீட்டர் உயரத்தில், உதகையைவிட ஏறத்தாழ 600 மீட்டர் மேலே உள்ளது. விமானத்தில் நேரே சென்று இறங்குவோருக்குத் தலைவலி, குமட்டல், உறக்கமின்மை தோன்றலாம். முதல் இரு நாட்கள் ஓய்வெடுங்கள், மது அருந்தாதீர்கள், உயர்ந்த சிகரங்களுக்கு உடனே ஏறாதீர்கள். ஓய்விலும் மூச்சுத் திணறல், தள்ளாட்டம், மனக்குழப்பம் ஏற்பட்டால் காத்திராமல் கீழிறங்கி மருத்துவ உதவி பெற வேண்டும்.

இதயச் செயலிழப்பு, கடும் நுரையீரல் நோய் உள்ளோருக்கு மலைப்பகுதி உகந்ததன்று. கடல்மட்டத்தில் உள்ள குவாயாகில் நகர் வழியாகவே கலாபகோஸ் செல்ல விமானங்கள் உண்டு. ஆயினும் அண்மை ஆண்டுகளில் அந்நகரில் வன்முறை மிகுந்துள்ளது. அரசின் பயண எச்சரிக்கைகளைப் பார்த்த பின்னரே திட்டமிடுங்கள்.

கொசு, நீர், வெயில்

தாழ்நிலப் பகுதிகளில் டெங்கு உண்டு. அமேசான் பகுதியில் மலேரியாவும் உண்டு. முழுக்கை ஆடை, கொசுவிரட்டிக் களிம்பு, கொசுவலை ஆகியவை தேவை. மலேரியாத் தடுப்பு மாத்திரையை மருத்துவரின் அறிவுரைப்படியே உட்கொள்ளுங்கள். குழாய்நீரைத் தவிர்த்துப் புட்டிநீரோ கொதித்தாறிய நீரோ பருகுங்கள். எலுமிச்சைச் சாற்றில் ஊறிய ‘செவிச்சே’ என்னும் மீனுணவு நெருப்பில் சமைக்கப்படாதது. நோய் எதிர்ப்பாற்றல் குன்றியோர் அதை உண்ணலாகாது. மலையில் குளிர்ந்தாலும் வெயிலின் புறஊதாக் கதிர் கடுமையானது; தொப்பி அணியுங்கள்.

மருந்துப் பை

பயண நாட்களுக்கு வேண்டியதைவிடக் கூடுதலாக மருந்துகளை எடுத்து, கைப்பையிலேயே வையுங்கள். இன்சுலினைச் சரக்குப் பெட்டியில் வைத்தால் அது உறைந்து கெடலாம். மருந்துகளின் பொதுப்பெயர் குறித்த மருத்துவர் கடிதம் உடனிருக்கட்டும். அதன் ஸ்பானிய மொழிபெயர்ப்பும் உதவும். ஈக்வடாரின் முதன்மை நிலப்பகுதி இந்திய நேரத்திற்கு 10½ மணி பின்தங்கியது. இன்சுலின் போடும் வேளைகளை மருத்துவருடன் முன்பே வகுத்துக்கொள்ளுங்கள். அங்கு அவசர உதவி எண் 911.

ஊர் திரும்பிய பின், சில மாதங்கள் கழிந்தாலும், காய்ச்சல் வந்தால் உடனே மருத்துவரை அணுகி, சென்ற நாட்டையும் தங்கிய இடங்களையும் முதலில் கூறுங்கள். மலேரியா தாமதமாகவும் வெளிப்படலாம்.