ஏற்றத்தில் ஒரு துவிச்சக்கரவண்டி

யாழ்ப்பாணத்துச் சமநிலத்தில் துவிச்சக்கரவண்டி உழக்கிப் பழகிய எமக்கு, ஒருமுறை பதுளைப் பக்கத்து ஏற்றமொன்றில் 50 கிலோ அரிசி மூட்டையுடன் அதனைத் தள்ளிச்செல்ல நேர்ந்தது. அரை மைல் செல்லுமுன் மூச்சு வாங்கியது; கைகள் நடுங்கின.

பத்தடிக்கு ஓரடி உயரும் பாதையில், வண்டியும் பாரமுமாகிய நிறையிற் பத்திலொரு பங்கு ஓயாது பின்னோக்கி இழுக்கும். போதாக்குறைக்கு எம் உடலையும் நாமே உயர்த்தவேண்டும். நின்றாலும் ஆறுதலில்லை, பிடி தளர்ந்தால் வண்டி உருண்டுவிடும்.

அவ்வேளை வியட்நாமியக் குடியானவர்கள் எம் நினைவுக்கு வந்தனர். 1954ஆம் ஆண்டு பிரெஞ்சுப் படை தியன் பியன் பூவில் முற்றுகையிடப்பட்டபோது, முற்றுகையிட்டோருக்கு வேண்டிய அரிசியையும் வெடிமருந்தையும் ஆயிரக்கணக்கான துவிச்சக்கரவண்டிகளில் மலைகடந்து தள்ளிச்சென்றவர்கள் அவர்களே. வண்டியொன்றில் 200 கிலோவும் அதற்கு மேலும் ஏற்றினர்! கைபிடியிற் கட்டிய மூங்கிற்கழி திசைதிருப்ப உதவிற்று. ஆசனத் தண்டிற் செருகிய கழி தள்ள உதவிற்று. விமானத் தாக்குதலுக்கு அஞ்சிப் பெரும்பாலும் இரவிலேயே நடந்தனர்.

எமது சுமை அதிற் காற்பங்கே, வழியும் சிறிதே. ஆயினும் உடல் அன்று கற்ற பாடத்தை நூல்கள் எமக்குக் கற்பித்ததில்லை. அதன்பின், ஏற்றத்தில் வண்டி தள்ளுவோரைக் கண்டால் பின்னிருந்து கைகொடாமல் நாம் கடந்து செல்வதில்லை.