கரையோரப் பாதையும் நடப்பவர் பாத்தியதையும்

இங்கிலாந்தின் தென்மேற்கே ஸோமர்ஸெட் பிரதேசத்து மைன்ஹெட் என்ற ஊரில் தொடங்கி, டெவன், கார்ன்வால் கரைகளையெல்லாம் வளைந்து வளைந்து சுற்றி, டார்ஸெட் பகுதியின் பூல் துறைமுக வாயிலில் போய் முடிகிற 630 மைல் நடைபாதை ஒன்று இருக்கிறது. கள்ளச் சரக்கு இறக்குவோரைக் கண்காணிக்கக் கடற்காவலர்கள் அக்காலத்தில் நடந்து நடந்து உண்டாக்கிய தடமே அதற்கு ஆதி. கோடைக் கூட்டம் கலைந்து, குன்றுச் சரிவுகளில் பெரணிச் செடிகள் செம்பழுப்பாக மாறுகின்ற செப்டம்பர், அக்டோபர் மாதங்களே அங்கே நடப்பதற்கு உத்தமமான காலம் என்பது வாஸ்தவந்தான். ஆயினும், பாதையின்மேல் நமக்குள்ள பாத்தியதை எவ்வளவு, அபாயம் எவ்வளவு என்று அறிந்து செல்லவேண்டிய அவசியமும் அப்பருவத்திலேதான் அதிகம். அந்நாட்டில் குடியேறிவிட்ட தமிழ்க் குடும்பங்களும், பிள்ளைகளோடு சில மாதம் தங்கிவரப் போகும் பெற்றோரும் இதை அறிந்திருத்தல் நலம்.

பாதை செல்லும் நிலம் பெரும்பாலும் தனியாருக்கோ தர்ம ஸ்தாபனங்களுக்கோ சொந்தம். ஆனால் நிலம் யாருடையதாயினும், ஸ்தல நிர்வாகம் வைத்திருக்கும் அதிகாரபூர்வமான வரைபடத்தில் அத்தடம் பொதுவழியாகப் பதிவாகியிருக்குமானால், அதில் நடக்கும் உரிமை நிலச்சொந்தக்காரரின் தயவைப் பொறுத்ததன்று. கம்பங்களில் மஞ்சள் அம்பு வரைந்திருந்தால் அது கால்நடையாகச் செல்வோருக்கு மட்டுமே உரிய வழி. நீல அம்பு வரைந்த வழி குதிரைமேல் செல்வோருக்கும், 1968ஆம் வருஷத்துச் சட்டத்தால் சைக்கிளில் செல்வோருக்கும் உரியது. எனினும் சைக்கிள்காரர் நடப்பவருக்கும் குதிரைக்கும் வழிவிட்டே ஆகவேண்டும். தென்மேற்குக் கரைப்பாதையின் பெரும்பகுதி நடப்பவருக்கு மாத்திரமே உரியதாதலால், அங்கே அனுமதியின்றிச் சைக்கிள் செலுத்துவது நிலத்துக்குரியவரிடம் அத்துமீறுவதாகும். சைக்கிளில் நீர்க்காற்றை அனுபவிக்க விரும்புவோர், பழைய ரயில் தடத்தையே பாதையாக மாற்றிய வாடெபிரிட்ஜ்–பாட்ஸ்டோ வழியில் காமல் கழிமுகத்தை ஒட்டிச் செல்லலாம். ஈரச் சருகு படிந்த திருப்பங்களில் வேகத்தைத் தணிக்கவேண்டும். அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி பின்னே தள்ளிவிடுவார்கள். பிறகு மாலை சீக்கிரமே இருண்டுவிடுமாதலால், முன்னே வெள்ளை விளக்கும் பின்னே சிவப்பு விளக்கும் இல்லாமல் புறப்படலாகாது.

இலையுதிர் காலம் அங்கே உழவுக்கும் காலம். நேற்றுவரை தெளிவாகத் தெரிந்த தடம் இன்று உழுத மண்ணாகக் கிடப்பதைக் கண்டு திகைத்துத் திரும்பிவிடுகிறவர்கள் பலர். அவர்களுக்காகவே இதை விரித்துச் சொல்லத் தோன்றுகிறது. வயலின் குறுக்கே செல்லும் பாதையை, உழாமல் விடுவது சௌகரியப்படாதபோது, விவசாயி உழுதுகொள்ளச் சட்டமே இடங்கொடுக்கிறது. வரப்போரமாகச் செல்லும் பாதையை உழக்கூடாது. ஒரு பயிருக்காக முதன்முறை உழுதபின் 14 நாட்களுக்குள்ளும், அதே பயிருக்காக மறுபடி மண்ணைக் கலைத்தால் 24 மணி நேரத்துக்குள்ளும், நடப்பவர் பாதையாயின் 1 மீட்டரும் குதிரைப் பாதையாயின் 2 மீட்டரும் குறையாத அகலத்திற்கு மண்ணைச் சமப்படுத்தி, தடத்தைக் கண்ணுக்குப் புலப்படச் செய்யவேண்டும் என்று 1980ஆம் வருஷத்து நெடுஞ்சாலைச் சட்டம் விதிக்கிறது. ஆகவே உழுத மறுநாளே விவசாயியோடு வாதாடுவது நியாயமன்று. கெடு கடந்தும் பாதை மீளாவிட்டால் வாளாவிருப்பதும் நியாயமன்று. வயலின் பெயரோ வரைபட எண்ணோ குறித்து, தேதியுடன் ஒரு புகைப்படமும் சேர்த்து நெடுஞ்சாலை நிர்வாகத்திற்கு எழுதவேண்டும். பொதுவழியைக் காப்பது அந்நிர்வாகத்தின் கடமை என்று அதே சட்டத்தின் 130ஆம் பிரிவு கூறுகிறது. பூட்டிய கதவு, முள்வேலி முதலிய தடைகளைப் பற்றி 130ஏ பிரிவின்படி எவர் வேண்டுமானாலும் நோட்டீஸ் கொடுக்கலாம். ஒரு மாதத்திற்குள் நிர்வாகம் பதில் தந்தாகவேண்டும். பயனில்லையேல் மாஜிஸ்திரேட் கோர்ட்டை நாடலாம். இந்த நோட்டீஸ் கொடுக்க வக்கீல் வேண்டியதில்லை. அந்த ஊரில் நிலபுலன் உள்ளவராயிருக்கவும் வேண்டியதில்லை.

குன்றுகளின் விஷயம் வேறு. லைம் ரீஜிஸ் பக்கத்துக் குன்றுகளில் களிமண்ணும் சுண்ணக்கல்லும் அடுக்கடுக்காக அமைந்திருப்பதால், மழைநீர் உள்ளே இறங்கிக் களிமண்ணைக் குழைக்கும்போது மேலே உள்ள பாரம் தாங்காமல் சரிகிறது. மழை ஓய்ந்து வெயில் காய்ந்த பின்னும் உள்ளே ஊறிய நீர் தன் காரியத்தைச் செய்துகொண்டேயிருப்பதால், தெளிந்த வானத்தை நம்பி விளிம்பில் நிற்பதும், குன்றின் அடியில் அமர்ந்து இளைப்பாறுவதும் ஒருங்கே அபாயமானவை. பொதுமக்கள் நடமாடச் சட்டம் அனுமதித்துள்ள கடலோர நிலத்தில் இத்தகைய இயற்கை விபத்துகளுக்கு நிலச்சொந்தக்காரரின் பொறுப்பைச் சட்டம் வெகுவாகக் குறைத்திருக்கிறது. அங்கே நம்மைக் காக்கும் பொறுப்பு நம்முடையதே. விளிம்பு இடிந்து பாதை அழிந்தால், 2009ஆம் வருஷத்துக் கடலோரச் சட்டத்தின்கீழ் முன்னேற்பாடு செய்துள்ள இடங்களில் பாதை உள்நோக்கி நகர்த்தப்படும். மாற்றுவழிப் பலகை கண்டால் பழைய தடத்தை மறந்து அதன்படியே செல்லவேண்டும்.

மைன்ஹெட் முதலான வடகரை ஊர்களை அடுத்த பிரிஸ்டல் கால்வாயில் ஓதத்தின் ஏற்றத்தாழ்வு உலகிலேயே மிகப் பெரியவற்றுள் ஒன்று. சமராத்திரியை ஒட்டி வரும் அமாவாசை, பௌர்ணமி நாட்களில் அது இன்னும் மிகும். ஆதலால் மணலில் இறங்குமுன் அன்றைய ஓத அட்டவணையைப் பார்த்து, நீர் ஏறத் தொடங்குமுன்பே திரும்பிவிட வேண்டும். தப்பித் தவறி நீர் சூழ்ந்துகொண்டால் குன்றில் தொற்றி ஏற முயலாமல், 999 என்ற எண்ணை அழைத்துக் கோஸ்ட்கார்டைக் கேட்கவேண்டும். மீட்புக்குக் கட்டணம் கேட்பார்களோ என்று தயங்கவேண்டாம், கட்டணம் கிடையாது.