நெஞ்சு படபடக்கும் வேளை

ஓய்ந்திருக்கும்போது வளர்ந்தோரின் இருதயம் நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை துடிப்பது இயல்பு. ஓடாமலும் அஞ்சாமலும் இருக்கையிலேயே அது திடீரென 150ஐயும் கடந்து விரையுமாயின் நாம் செய்யத்தக்கது யாது?

மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் ஆகியவற்றுள் ஒன்று காணினும் தாமதம் ஆகாது. 1990 என்னும் இலக்கத்தை அழைத்து அம்புலன்சை வருவித்தல் வேண்டும். வைத்தியசாலையில் துடிப்போடு இசைவித்த மின்னதிர்ச்சியால் இருதயத்தை நெறிப்படுத்துவர். உணர்விழந்து மூச்சும் நின்றுவிடின், அம்புலன்ஸ் வரும்வரை மார்பை விடாது அழுத்துதல் நம் கடன்.

நோயாளி தெளிவுடன் இருப்பின், கீழறைகளுக்கு மேலே தோன்றும் ஒருவகை வேகத்துடிப்புக்கு எளிய முறையொன்று உண்டு. சாய்ந்திருந்து 15 விநாடி மூச்சடக்கி முக்கியபின், மல்லாந்து படுத்துக் கால்களைப் பிறர் 15 விநாடி உயர்த்திப் பிடிக்கச் செய்தலே அது. வேகஸ் நரம்பு தூண்டப்பெற்றுத் துடிப்பு தணியும். இங்கிலாந்து வைத்தியசாலைகளில் நிகழ்ந்து 2015இல் வெளியான ஆய்வில், கால் உயர்த்தாத பழைய முறையால் 100க்கு 17 பேரே சீரடைய, இம்முறையால் 43 பேர் சீரடைந்தனர். எனினும், வைத்தியர் நோயறிந்து பழக்கியவரே இதனை வீட்டிற் செய்தல் தகும்.

மணிக்கூட்டைப் பார்த்து நாடியை எண்ணும் பழக்கத்தையேனும் நாம் யாவரும் இன்றே கற்போமாக.