மிரண்ட மாட்டின் கறி

பொள்ளாச்சிச் சந்தையில் கைமாறும் மாடுகளில் கணிசமானவை கோபாலபுரம், நடுப்புணி, மீனாட்சிபுரம் சாவடிகளைத் தாண்டிக் கேரளத்துக்குள் போகின்றன. பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைக்காரர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை முடிப்பதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் அவர்கள். சந்தைக்கும் ஊருக்கும் 30 கிலோமீட்டர்கூடக் கிடையாது. அப்படியிருந்தும் ஒரு ஞாயிறு கறி பளிச்சென்று சிவந்து தொங்குகிறது. மறு ஞாயிறு கருத்துக் கிடக்கிறது. கேட்டால், "கிழட்டு மாடுங்க" என்பார் கடைக்காரர். வயதானால் கறி கருக்கும், உண்மைதான். ஆனால் இளங்காளையின் கறியும் சில நாள் கருத்துப்போகிறதே, ஏன்?

இந்தக் கேள்வியோடு பல ஆண்டுகள் மல்லுக்கட்டியவர் ரால்ஸ்டன் லாரி. கேம்பிரிட்ஜில் இருந்த தாழ்வெப்ப ஆராய்ச்சி நிலையத்தில் தசையைப் படித்தவர். அங்கேதான் பேட்-ஸ்மித்தும் பெண்டாலும் முயல் தசை இறந்தபின் விறைப்பதை மணிக்கணக்கு வைத்து அளந்து, 1949-இல் எழுதினார்கள். லாரி அந்த அறிவை முயலிலிருந்து மாட்டுக்குக் கொண்டுபோனார்.

விஷயம் இதுதான். உயிருள்ள தசையில் கிளைகோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பு, எடையில் சுமார் 1 சதவீதம் இருக்கும். மாடு செத்த பிறகும் தசை உடனே ஓய்ந்துவிடுவதில்லை. ரத்தம் நின்று பிராணவாயு வராமல் போனதும், அந்தச் சர்க்கரையை லாக்டிக் அமிலமாக உடைத்துக் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கிறது. 7-ஐ ஒட்டியிருந்த பிஎச் ஒரு நாளுக்குள் 5.5 அளவுக்கு இறங்குகிறது. அமிலம் ஏற ஏறப் புரதங்கள் சுருங்கி நீரை விடுகின்றன. வெட்டிய பரப்பு காற்றைப் பிடித்துச் சிவக்கிறது. பையின் அடியில் தேங்கும் சிவந்த நீர் கறி கெட்டதற்கு அடையாளமல்ல. அமிலம் ஒழுங்காக ஏறியதற்குத்தான் அடையாளம்.

சாகும் முன்பே சர்க்கரை தீர்ந்துபோயிருந்தால்? அமிலம் ஊறாது. பிஎச் 6-க்கு மேலேயே நின்றுவிடும். நார்கள் உப்பி நீரைப் பிடித்துக்கொள்ளும். கறி கருத்து, தொட்டால் விரலில் பிசுபிசுவென்று ஒட்டும்; பையில் சொட்டு நீர் இறங்காது. சமைத்தால் மெதுவாகத்தான் இருக்கும். ஆனால் கிருமிக்குத் தடையாக நிற்க அமிலமில்லை, அது தின்னச் சர்க்கரையும் இல்லை. நேரே புரதத்தில் கை வைக்கிறது, நாற்றம் சீக்கிரம் கிளம்புகிறது. காலையில் அறுத்து மதியத்துக்குள் விற்றுத் தீர்க்கும் நம் கடைகளில் இது தெரியாமலே போய்விடும். பாலக்காட்டு வெயிலில் மாலை வரை வைத்திருந்தால் தெரியும்.

சர்க்கரையைத் தீர்ப்பது எது? நடை, பசி என்றுதான் யாரும் சொல்வார்கள். 1950-களில் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் ஹோவர்டும் லாரியும் காளைகளைப் பட்டினி போட்டுப் பார்த்தார்கள், ஓட்டியும் பார்த்தார்கள். மாடுகளின் சர்க்கரை எதிர்பார்த்தபடி காலியாகவில்லை. ஆனால் இயல்பிலேயே மிரளும் சில காளைகள் மட்டும், பெரிதாக ஓடாமலே சர்க்கரையைத் தீர்த்துவிட்டிருந்தன. வெளியே அசைவு தெரியாது. உள்ளே தசை முறுக்கேறியபடியே இருந்திருக்கிறது. 1956-இல் இருவரும் அறிக்கை தந்தார்கள். 1958-இல் உடல் நெருக்கடிக்கும் கருத்த கறிக்கும் உள்ள தொடர்பை லாரி தனிக் கட்டுரையாக எழுதினார். பின்னர் நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1966-இல் அவர் எழுதிய 'மீட் சயின்ஸ்' இன்றைக்கும் அவர் பெயரைத் தாங்கிப் புதிய பதிப்புகளாக வந்துகொண்டிருக்கிறது. அதே பெயரில் 1977-இல் ஆய்விதழும் தொடங்கினார். என்னைக் கேட்டால், இத்தனைக்கும் மேலே நிற்பது அந்த மிரண்ட காளைகளைக் கவனித்த கண்தான்.

அதைத் தொட்டுக்கொண்டு அயர்லாந்தில் டாரண்ட் என்ற ஆய்வாளர் மேலும் போனார். முன்பின் பழகாத காளைகளை ஒரே தொழுவில் அடைத்தால் முட்டிக்கொண்டும் ஏறிக்கொண்டும் சில மணி நேரத்தில் சர்க்கரையைக் கரைத்துவிடும். சந்தையில் நடப்பது இதுதானே? ஐந்து ஊர் மாடு ஒரே கயிற்றுவரிசையில், பிறகு ஒரே வண்டியில், பிறகு சாவடியில் நெரிந்தபடி. கரைந்த சர்க்கரை திரும்ப ஊறுவதற்கு மாடுகளுக்கு நாட்கணக்கில் ஆகும் என்று 1982-இல் மக்வேயும் டாரண்டும் காட்டினார்கள். இந்தியாவின் 2001-ஆம் ஆண்டு இறைச்சிக்கூட விதிகள் அறுப்பதற்கு முன் 24 மணி நேர ஓய்வு கேட்கின்றன. தாகமும் களைப்பும் தீர அது போதும், தசைக்குப் போதாது. மாடுகளைக் கலக்காமல், வாங்கிய கூட்டத்தோடே ஏற்றி, அதே கூட்டமாக இறக்குவது செலவில்லாத வைத்தியம். இறைச்சிக்கூடத்துக்குப் புதுக் கட்டடம் கேட்பதற்கு முன்னால் இதைச் செய்து பார்க்கலாம்.

பன்றியிடம் இதே கதை பெரும்பாலும் தலைகீழ். அமிலம் போதாமல் போவதைவிட, உடல் சூடு ஆறும் முன்பே பெருகிவிடுவதுதான் அங்கே சிக்கல். கறி வெளுத்து, தொளதொளத்து, நீர் வடிகிறது. அந்தக் கோளாறுக்குக் காரணமான ஒரு மரபணு மாற்றம் 1991-இல் பிடிபட்டது. அதே மரபணு கோளாறானால் மனிதர்களும் அறுவைசிகிச்சை மயக்கமருந்தில் உடல் கொதித்துச் சாகக்கூடும் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.