ஏசிக்குத் தண்ணீர் தூவினால் யாழ்ப்பாணத்தில் பலன் கிடைக்குமா?

2022 ஓகஸ்டில் சராசரியாக 75 சதவீதம், 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதம் என மின்கட்டணம் ஏறியது. பின்னர் சில தடவை குறைக்கப்பட்டாலும், ஏசி பூட்டியவர்களுக்கு அந்தப் பயம் விட்டுப்போகவில்லை. வெளியே இருக்கும் பெட்டிக்குத் தண்ணீர் தூவினால் பில் குறையும் என்கிறார்களே, அது உண்மையா?

கொள்கை சரிதான். ஏசி அறையிலிருந்து வெப்பத்தை எடுத்து வெளியே தள்ளுகிறது. வெளிக்காற்று சூடாக இருந்தால் கம்பிரசர் கூடுதலாக உழைக்க வேண்டும். பெட்டிக்குள் போகும் காற்று 1 பாகை குளிர்ந்தால் மின்செலவு ஏறக்குறைய 2 சதவீதம் குறையும். மண்பானையில் நடப்பதுபோல, ஆவியாகும் தண்ணீர் காற்றைக் குளிர்விக்கும்.

ஆனால் இது ராஜஸ்தான் அல்ல. அங்கே 42 பாகை வெயிலில் ஈரப்பதன் 15 சதவீதமாக இருந்தால் காற்றை 20 பாகை வரை குளிர்விக்கலாம். நம் ஊரில் 33 பாகை, 65 சதவீத ஈரப்பதன் என்றால் உச்சமே 6 பாகைதான். நடைமுறையில் 4 கிடைத்தாலே பெரிய காரியம். அதாவது மிச்சம் 8 சதவீதம் அளவில்.

அதற்கு எந்தத் தண்ணீர்? குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்கிய மழைநீரைத்தான் கிணறுகளில் அள்ளுகிறோம். அதைத் தூவினால் அலுமினியத் தகடுகளில் சுண்ணாம்பு படியும். தீவுப்பகுதிச் சவர்த்தண்ணீர் என்றால் தகடே அரித்துப்போகும். தாளையடியில் மின்சாரம் செலவழித்துக் கடல்நீரை நன்னீராக்கும் காலத்தில், குழாய்த் தண்ணீரை ஏசிக்குத் தூவுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

நம்மிடம் வேறொரு தண்ணீர் இருக்கிறது. ஏசியே வடிக்கும் தண்ணீர். ஈரக்காற்று நமக்குப் பாதகம் என்றேன். இங்கே அதுவே உதவுகிறது. 12,000 பி.ரி.யு. ஏசி ஒன்று இந்தக் காலநிலையில் மணிக்கு 1 லீற்றர் அளவில் வடிக்கும். அதில் உப்பும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை. அந்த 1 லீற்றரும் முழுதாக ஆவியானால் 0.67 கிலோவாட் மணி வெப்பத்தைக் கொண்டுபோகும். அந்த ஏசி வெளியே தள்ளும் வெப்பத்தில் அது ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு. முழுதும் ஆவியாகாது, ஒரு பகுதி சும்மா வழிந்துவிடும். ஆனாலும் செலவில்லாத லாபம். பல ஜன்னல் ஏசிகளில் மின்விசிறியே இந்தத் தண்ணீரைப் பின்தகட்டில் வீசும்படி அமைத்திருப்பார்கள்.

சுவர் ஏசி என்றால், வெளிப்பெட்டி கீழே இருக்கும் வீடுகளில் மட்டும் இதைச் செய்யலாம். வடிகுழாயைப் பின்பக்கத் தகட்டின் மேல் சொட்டவிடச் சொல்லி, ஏசி திருத்துபவரிடமே கொடுங்கள். மின்இணைப்புப் பக்கம் ஈரம் படக்கூடாது. தண்ணீரை வாளியில் தேக்கிவைத்தால் டெங்கு நுளம்பு வரும். இதற்கெல்லாம் முன்பு தகட்டில் அடைத்த தூசைக் கழுவுங்கள். வெயில் விழும் பெட்டிக்கு மேலே, காற்றை மறிக்காமல், கிடுகால் ஒரு பந்தல் போடுங்கள்.