பதினாறு வயதைப் பரிசோதிக்க முடியுமா?

2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தில் 15ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. பதினாறு வயது நிரம்பி, பதினெட்டை எட்டாத ஒருவர்மீது கொடுங்குற்ற வழக்கு வந்தால், அதாவது குறைந்தது ஏழாண்டுச் சிறைக்குரிய குற்றம் என்றால், இளைஞர் நீதிக் குழுமம் மூன்று மாதத்துக்குள் ஒரு முதற்கட்ட மதிப்பீட்டை முடிக்க வேண்டும். அந்தக் குற்றத்தைச் செய்கிற உடல் வலுவும் மன வலுவும் அவருக்கு இருந்தனவா, அதன் விளைவுகளைப் புரிந்துகொள்ளும் திறன் இருந்ததா, எந்தச் சூழ்நிலையில் அது நடந்ததாகச் சொல்லப்படுகிறது என்று பார்க்க வேண்டும். விடை ஒருவிதமாக அமைந்தால் வழக்கு குழுமத்திலேயே நடக்கும். வேறுவிதமாக அமைந்தால் குழந்தைகள் நீதிமன்றத்துக்கு மாறும். அங்கே அந்தச் சிறாரைப் பெரியவரைப் போல விசாரிக்க வழியுண்டு. ஒரு பிள்ளையின் மொத்த எதிர்காலமும் தொங்கிக்கொண்டிருக்கும் இந்த மதிப்பீட்டில், ‘விளைவு புரிந்ததா?’ என்ற கேள்விதான் அச்சாணி. வளரிளம் பருவத்தைப் பற்றிக் கடந்த இருபத்தைந்து ஆண்டுகளில் சேர்ந்திருக்கும் அறிவோடு ஒப்பிட்டால், அது தவறான கேள்வி.

இந்தப் பிரிவு பிறந்த நேரம் பலருக்கும் நினைவிருக்கும். 2012 டிசம்பரில் டெல்லியில் ஓடும் பேருந்தில் நடந்த கொடூரத்துக்காகக் கைதான அறுவரில் ஒருவன், பதினெட்டு நிரம்பச் சில மாதங்களே பாக்கி இருந்தவன். அன்றைய சட்டப்படி அவனுக்கு விதிக்க முடிந்தது அதிகபட்சம் மூன்றாண்டு சீர்திருத்த இல்லம். நாடு கொதித்தது, அந்தக் கொதிப்பில் நியாயம் இருந்தது. ஆனாலும், அதே சம்பவத்தையொட்டி அமைக்கப்பட்ட நீதிபதி ஜே.எஸ்.வர்மா குழு, 2013 ஜனவரியில் தந்த அறிக்கையில் சிறார் வயதைக் குறைக்கக் கூடாது என்றது. பிறகு வந்த மசோதாவை ஆராய்ந்த நாடாளுமன்ற நிலைக்குழுவும் பதினாறு வயதினரைத் தனியே பிரித்தெடுக்கும் யோசனையை ஏற்கவில்லை. 2015 டிசம்பர் 20ஆம் தேதி அந்த இளைஞன் வெளியே வந்தான். 22ஆம் தேதி மாநிலங்களவை மசோதாவை நிறைவேற்றியது. மாகாணங்களிலேயே முதலாவதாக 1920இல் சிறாருக்கென்று தனிச் சட்டம் கொண்டுவந்த சென்னை மாகாணத்தில் தொடங்கி, 2000ஆம் ஆண்டுச் சட்டம் ஆண் பெண் இருபாலருக்கும் பதினெட்டு என்று வயதை நிறுத்தியதுவரை வந்திருந்த பாதை, அன்றைக்கு ஒரு படி பின்வாங்கியது.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்று பார்க்கலாம். அமெரிக்காவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டைன்பெர்க்கும் 2005இல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். கணினித் திரையில் ஒரு கார் ஓடுகிறது. மஞ்சள் விளக்கு எரிகிறது. எந்தக் கணத்திலும் அது சிவப்பாகும், எதிரே சுவர் முளைக்கும். நிறுத்தாமல் எவ்வளவு தூரம் போகிறோமோ அவ்வளவு மதிப்பெண். சுவரில் மோதினால் எல்லாம் போச்சு. 13 முதல் 16 வயதினர், 18 முதல் 22 வயதினர், 24 வயதைத் தாண்டியவர்கள் என மூன்று பிரிவாக 306 பேர் இதை ஆடினார்கள். சிலர் தனியாக ஆடினார்கள். மற்றவர்கள் ஆடும்போது பக்கத்தில் அவர்கள் வயதுத் தோழர்கள் இருவர் இருந்தார்கள். தோழர்கள் இருந்தபோது பெரியவர்களின் ஆட்டத்தில் மாற்றமே இல்லை. நடுப்பிரிவினர் தனியாக ஆடியதைவிட ஒன்றரை மடங்கு துணிந்தார்கள். பதின்வயதினரோ இரண்டு மடங்கு துணிந்தார்கள். விதி மாறவில்லை, சுவர் மாறவில்லை, மோதினால் என்ன நஷ்டம் என்பது எல்லோருக்கும் தெரிந்தேயிருந்தது. மாறியது பக்கத்தில் இருந்தவர்கள் மட்டும். 2011இல் இதே போன்ற ஓர் ஆட்டத்தை மூளையைப் படமெடுக்கும் எம்ஆர்ஐ கருவிக்குள் நடத்தினார்கள். பக்கத்து அறையில் இருந்து நண்பர்கள் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததுமே, பதின்வயதினர் மூளையில் வெகுமதியை உணரும் பகுதிகள் கூடுதலாகக் கிளர்ந்தன. பெரியவர்களிடம் அப்படி நிகழவில்லை.

இதன் பின்னே இருப்பது இரண்டு வளர்ச்சிகளுக்கு இடையிலான கால இடைவெளி. பருவமடையும் காலத்தில் மூளையின் வெகுமதி மண்டலம் சீக்கிரமே கூர்மையாகிவிடுகிறது. பாராட்டும் பரபரப்பும் வாழ்நாளில் வேறெப்போதும் இல்லாத அளவுக்கு இனிக்கின்றன. உந்துதலை நிறுத்தி யோசிக்க வைக்கும் முன்நெற்றிப் புறணியும், அதை மற்ற பகுதிகளோடு இணைக்கும் நரம்புத் தடங்களும் இருபதுகளின் நடுப்பகுதிவரை நிதானமாக முதிர்கின்றன. ‘அதெல்லாம் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு; நம்மூர்ப் பிள்ளைகள் பொறுப்போடு வளர்கிறவர்கள்’ என்று சொல்வோர் உண்டு. ஸ்டைன்பெர்க்கின் குழு பதினோரு நாடுகளில், பத்து முதல் முப்பது வயதுவரையுள்ள ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் ஆய்வு நடத்தியது. அந்த நாடுகளில் கென்யா, சீனா, கொலம்பியா, ஜோர்டான் ஆகியவற்றோடு இந்தியாவும் ஒன்று. நிதானமாக யோசித்து, தகவலை அலசி, காரண காரியம் சொல்லும் திறன் பதினாறு வயதுவாக்கில் பெரியவர்களின் அளவை எட்டிவிடுகிறது என்று 2019இல் அவர்கள் தெரிவித்தார்கள். உணர்ச்சி கொந்தளிக்கும்போதும் சகாக்கள் சூழ்ந்திருக்கும்போதும் தன்னைக் கட்டுப்படுத்தும் முதிர்ச்சியோ பதினெட்டுக்குப் பிறகும் வளர்ந்துகொண்டே இருக்கிறது. ஒரே பிள்ளையிடம் இரண்டு திறன்கள், இரண்டு வேகத்தில்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு அந்த மதிப்பீட்டு அறைக்குள் போய்ப் பாருங்கள். கூர்நோக்கு இல்லத்திலோ அரசு மருத்துவமனையிலோ ஒரு மேஜை. ஒரு பக்கம் உளவியலாளர், எதிரே பையன். சம்பவம் நடந்து பல வாரங்கள் ஆகிவிட்டன. உசுப்பேற்றிய கூட்டாளிகள் இல்லை, ஆத்திரம் இல்லை, இருட்டும் இல்லை. “ஒருத்தரைக் கத்தியால குத்துனா என்ன ஆகும்?” “செத்துப்போவாங்க சார்.” “அப்புறம்?” “போலீஸ் பிடிக்கும். ஜெயிலுக்குப் போகணும்.” “அது தப்புன்னு தெரியுமா?” “தெரியும் சார்.” கோப்பில் ‘விளைவுகளைப் புரிந்துகொள்ளும் திறன் உள்ளது’ என்று ஏறிவிடும். கூடவே நுண்ணறிவுச் சோதனை ஒன்று நடந்து, எண்ணும் சராசரி என்று வந்தால் கேட்கவே வேண்டாம். இந்த விடையைப் பத்து வயதுப் பிள்ளையே சொல்லிவிடும். பதினாறு வயதுப் பிள்ளை இன்னும் தெளிவாகச் சொல்லும். அவனிடம் முழுதாக வளர்ந்திருக்கும் அந்த ஒரு திறனை, அது மிக நன்றாக வேலை செய்யக்கூடிய அமைதியான சூழலில் சோதித்துவிட்டு, வளராத திறனைப் பற்றி முடிவெடுக்கிறோம். இதில் இன்னொரு அநியாயமும் இருக்கிறது. விசாரணையே நடக்காத கட்டம் அது. ‘நான் செய்யவே இல்லை’ என்று சொல்லும் சிறாரிடம் அந்தக் குற்றத்தைச் செய்யும் மன வலுவை அளப்பது எப்படி? சட்டம் இதற்கு வழி சொல்லவில்லை.

உச்ச நீதிமன்றத்துக்கு இந்தச் சிக்கல் தெரியாமல் இல்லை. 2022 ஜூலை 13ஆம் தேதி அளித்த தீர்ப்பில், இந்த மதிப்பீட்டைச் சடங்குபோல நடத்தக் கூடாது என்று அது கண்டித்தது. குழுமத்தில் குழந்தை உளவியலோ மனநல மருத்துவமோ படித்துத் தொழில் செய்பவர் இல்லையென்றால், நிபுணர் உதவியைக் கட்டாயம் பெற வேண்டும் என்றும் சொன்னது. விளைவு என்றால் உடனடி விளைவு மட்டுமல்ல, பாதிக்கப்பட்டவருக்கும் இரு குடும்பங்களுக்கும் நெடுங்காலத்துக்கு நேரும் விளைவுகளையும் சேர்த்துத்தான் என்று விளக்கியது. நல்ல தீர்ப்பு. ஆனால் நிபுணரை உட்கார வைப்பதால் இல்லாத அளவுகோல் வந்துவிடாது. ஏழெட்டு வாரத்துக்கு முன்பு, ஒரு குறிப்பிட்ட இரவில், ஒருவனின் கட்டுப்பாட்டுத் திறன் எவ்வளவு இருந்தது என்று பின்னோக்கி அளந்து சொல்லும் உளவியல் சோதனை எதுவும் கிடையாது. ‘சூழ்நிலை’ என்றும் சட்டம் கேட்கிறதே என்றால், கேட்கிறது. அதை மற்ற இரண்டோடு எப்படி எடைபோடுவது என்றுதான் சொல்லவில்லை.

இந்த வாதத்துக்கு எதிராக வலுவான கேள்விகள் உண்டு. அவற்றில் கூர்மையானது அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் எழுந்தது. பதினேழு வயதில் கொலை செய்த ஒருவரின் வழக்கில், பதினெட்டுக்கு உட்பட்டவர்களுக்கு மரண தண்டனை கூடாது என்று 2005இல் அந்த நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எதிர்த்து எழுதிய நீதிபதி ஆன்டனின் ஸ்கேலியா, அமெரிக்க உளவியல் சங்கத்தைப் பிடித்துக்கொண்டார்: கருக்கலைப்பு வழக்கு வந்த 1990இல், பதின்வயதுப் பெண்களுக்குத் தாமே முடிவெடுக்கும் முதிர்ச்சி உண்டு என்றீர்கள், இப்போது முதிர்ச்சி இல்லை என்கிறீர்கள், எது உண்மை? இரண்டும் உண்மை. மருத்துவரிடம் பேசி, நாள் எடுத்து யோசித்து, நம்பகமான ஒருவரிடம் கலந்து எடுக்கும் முடிவு ஒரு வகை. நாலு பேர் சூழ்ந்து நிற்க, ஒரு நொடியில் எடுக்கும் முடிவு வேறு வகை. முதலாவதற்குப் பதினாறு வயது போதும், இரண்டாவதற்குப் போதாது. இதே அடிப்படையில் பதினாறு வயதினருக்குச் சிகிச்சை, படிப்பு போன்ற விஷயங்களில் நாம் இன்னும் அதிக உரிமை தர வேண்டும் என்றே நினைக்கிறேன்.

‘மூளை இருபத்தைந்துவரை வளர்கிறது என்றால் இருபத்தைந்து வயதுவரை எல்லோரையும் விட்டுவிடலாமா?’ என்பது இரண்டாவது கேள்வி. மூளைப் படம் எந்த வயதிலும் கோடு போட்டுத் தராது. கோட்டைச் சமூகம்தான் போட வேண்டும். வாக்குரிமைக்கும் ஒப்பந்தம் செய்வதற்கும் பதினெட்டு என்று போட்டிருக்கிறோம். அந்தக் கோட்டை எல்லோருக்கும் பொதுவாக வைப்பதற்குக் காரணமே, தனி ஆளின் முதிர்ச்சியை அளக்கும் கருவி நம்மிடம் இல்லை என்பதுதான். ஆய்வுகள் சொல்வது சராசரியைத்தானே, இந்தப் பையன் விதிவிலக்காக இருக்கலாமே என்றால், இருக்கலாம். அவன் விதிவிலக்கா இல்லையா என்று கண்டுபிடிக்க வழியில்லை என்பதே 15ஆவது பிரிவுக்கு எதிரான முதல் காரணம்.

மூன்றாவது கேள்விதான் நெஞ்சைச் சுடுவது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், பன்னிரண்டாம் வகுப்பு படித்த தலித் மாணவன் ஒருவன் தன் வீட்டிலேயே அரிவாளால் வெட்டப்பட்டான்; தடுக்கப்போன தங்கையும் வெட்டுப்பட்டாள். கைதானவர்கள் அவனோடு பள்ளியில் படித்தவர்கள், சிறார்கள். அந்தப் பிள்ளைகளின் ரத்தத்துக்கு முன்னால் நின்று மூளை வளர்ச்சியைப் பற்றிப் பேசலாமா? பேசத்தான் வேண்டும். ஏனென்றால் அந்த அரிவாளைப் பதினாறு வயது மூளை தானாகக் கண்டுபிடிக்கவில்லை. சாதிப் பெருமிதத்தைக் கையில் கயிறாகக் கட்டிவிட்டதும், கூட்டமாக நின்றால்தான் ஆம்பளை என்று சொல்லிக்கொடுத்ததும் பெரியவர்கள். சகாக்களின் மெச்சுதலுக்கு மிக ஏங்கும் வயதில் அந்த நஞ்சை ஊற்றினால் அது எவ்வளவு வேகமாகப் பற்றும் என்பதைத்தான் மேலே சொன்ன சோதனைகள் காட்டுகின்றன. அந்த வயதில் எல்லாப் பிள்ளைகளும் வெட்டுவதில்லையே என்பதும் உண்மைதான். அதனால்தான் செய்தவர்களுக்குப் பொறுப்பு உண்டு என்கிறோம். அவர்களைத் தடுத்துவைக்கவும், செய்ததை நேருக்கு நேர் உணர வைக்கவும் குழுமத்துக்கு அதிகாரம் இருக்கிறது. சிறாரைக் குற்றங்களுக்குப் பயன்படுத்தும் பெரியவர்களுக்கு ஏழாண்டுவரை கடுங்காவல் விதிக்கும் 83ஆவது பிரிவும் இதே சட்டத்தில்தான் இருக்கிறது. அதற்காக யாரும் கொடி பிடித்துக் கேட்டதில்லை.

பாதிக்கப்பட்டவர்களுக்கு நியாயம் வேண்டும் என்றால் கடைசியாகப் பார்க்க வேண்டியது, எந்த வழி அடுத்த குற்றத்தைத் தடுக்கிறது என்பது. பெரியவர்களின் நீதிமன்றத்துக்குச் சிறாரை மாற்றுவதில் அமெரிக்காவுக்கு நீண்ட அனுபவம் உண்டு. அந்த ஆய்வுகளை 2007இல் தொகுத்துப் பார்த்த வல்லுநர் குழு, மாற்றப்பட்டவர்களிடம் வன்முறை பெரும்பாலும் கூடியதே தவிரக் குறையவில்லை என்று கண்டது. பிலடெல்பியாவிலும் பீனிக்ஸிலும் கடுங்குற்றம் செய்த 1,354 சிறாரை ஏழாண்டு பின்தொடர்ந்த இன்னொரு ஆய்வில், தொடர்ந்து அதே தீவிரத்தோடு குற்றம் செய்தவர்கள் ஏறத்தாழ பத்தில் ஒருவர்தான். பெரும்பாலோர் வயது ஏற ஏற விலகிவிட்டார்கள். நீண்ட காலம் அடைத்து வைத்ததால் கூடுதல் பலன் தென்படவில்லை. நம் சட்டமோ பெரியவராக விசாரித்துத் தண்டிக்கப்பட்ட சிறாரை இருபத்தொரு வயதுவரை பாதுகாப்பிடத்தில் வைத்து, பிறகு திருந்தினானா என்று மறுபடி பார்க்கச் சொல்கிறது. தேறவில்லை என்றால் மிச்சக் காலம் சிறை. மற்றச் சிறாருக்கு அழிக்கப்படும் குற்றப் பதிவு அவனுக்கு மட்டும் நிலைத்திருக்கும். வேலைக்குப் போகும் இடமெல்லாம் அது கூடவே வரும்.

நாடாளுமன்றம் 15ஆவது பிரிவை நீக்க வேண்டும். அது நடக்கும்வரை, குழுமத்தில் அமர்ந்திருக்கும் நடுவரும் இரண்டு சமூகப் பணியாளர்களும் செய்யக்கூடியது உண்டு. அன்றைக்கு அந்த இடத்தில் யார் யார் இருந்தார்கள், யார் தூண்டினார்கள், ஆயுதம் எங்கிருந்து வந்தது, அதற்கு முந்தைய ஓராண்டில் அந்தப் பிள்ளை பள்ளிக்குப் போனானா, வீட்டில் என்ன நடந்தது என்று நன்னடத்தை அலுவலரிடம் முழு அறிக்கை கேளுங்கள். அது வரும்வரை, விளைவு தெரியும் என்று அவன் சொன்ன பதிலை வைத்து வழக்கை மாற்றாதீர்கள்.