எச்.ஐ.வி. தொற்றும் டி-உயிரணுக்களின் அழிவும்

1986இல் சென்னையில் மருத்துவர்கள் சுனிதி சாலமன், செல்லப்பன் நிர்மலா ஆகியோர் நிகழ்த்திய ஆய்வு, இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று இருப்பதை முதன்முதலில் வெளிப்படுத்தியது. இன்று அதன் பரவலைக் கண்காணிக்கும் பணியில் அம்பத்தூரை அடுத்த அயப்பாக்கத்திலுள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனமும் பங்கேற்கிறது.

நோயெதிர்ப்பை நெறிப்படுத்தும் சிடி4 டி-உயிரணுக்களே இவ்வைரஸின் முதன்மை இலக்கு. அவற்றின் மேற்பரப்பிலுள்ள ஏற்பிகளைப் பற்றி நுழையும் வைரஸ், தன் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றி, உயிரணுவின் மரபுத்தொகுதியில் இணைத்துப் பெருகுகிறது. வைரஸ் நுழைந்தும் பெருக இயலாத உயிரணுக்களும் அழற்சியைத் தூண்டி மடிகின்றன. அவ்வழற்சி மேலும் பல உயிரணுக்களை ஈர்ப்பதால் அழிவு தொடர்கிறது.

இவ்வீழ்ச்சி பல்லாண்டுகள் அறிகுறியின்றி நிகழலாம். ஒரு கனமில்லிமீட்டர் குருதியில் எண்ணிக்கை 200க்குக் கீழ் குறைவது எய்ட்ஸ் நிலையாகும். ஆதலின் அக்குறைவுக்குக் காத்திராமல், தொற்று உறுதியானதும் கூட்டுமருந்து தொடங்குவதே 2017 முதல் இந்தியாவின் நெறிமுறை.